"வெடிக்கும் கருவி" என்று கடிதம் எழுதிக் கொடுத்து என் 1,390 வெள்ளியை விழுங்கிய டிக்கெட் கடை

சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களும் சுற்றுத் தோட்டங்களில் இருந்து டவுனுக்கு வந்து விமான டிக்கெட் எடுப்பவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். 1,390 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. நடந்தது வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் ஸ்கைடைவிங் செய்கிறவள், அதாவது விமானத்தில் இருந்து குதித்துப் பாராசூட்டில் இறங்குகிறவள். கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் தாய்லாந்து போய்க் கற்றுக்கொண்டேன். 25 குதிப்பு முடித்து, ஸ்கைடைவிங்கின் முதல் படியான ஏ லைசென்ஸ் எடுத்தேன். போன வருடம் சொந்தமாக ஒரு பழைய ரிக் வாங்கினேன். ரிக் என்றால் முதுகில் மாட்டும் பை, உள்ளே மெயின், அது திறக்காவிட்டால் உதவ ரிசர்வ் என்று இரண்டு பாராசூட். கூடவே ஏ.ஏ.டி. என்ற சின்னக் கருவி இருக்கும். நாம் மயங்கிப் போனாலும் ரிசர்வைத் தானாகத் திறந்துவிடுவது அதுதான். என்னுடையது ஜெர்மனியில் செய்த சைப்ரெஸ். ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றை அறுக்க அதற்குள் ஒரு கத்தி, அதைத் தள்ளத் துளியளவு வெடிமருந்து. தரைக்கு மேல் சுமார் 225 மீட்டர் உயரத்தில், மணிக்கு 126 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். பைக்குள் சும்மா கிடக்கும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்கேனரில் கம்பியும் குழாயுமாகத் தெரியும். அதற்காகவே எக்ஸ்ரே படம் போட்ட ஒரு விளக்க அட்டையைக் கம்பெனியே கொடுக்கிறது. அந்த அட்டைதான் விமானப் பயணத்தில் எனக்கு உயிர்.

டிக்கெட் கடைக்குப் போனதுதான் நான் செய்த தப்பு. பஸ் டிக்கெட், கோயில் சுற்றுலா, விமான டிக்கெட் எல்லாம் போடும் சின்னக் கடை. முதலாளி உட்காரவைத்து, பக்கத்துக் கடையில் இருந்து தே தாரேக் வரவழைத்துக் கொடுத்தார். "நம்ம தோட்டத்துல செம்பனைக் குலை லோரி ஓட்டினாரே, அவர் மகதானேம்மா நீங்க? உங்கப்பாவ எனக்குத் தெரியாதா!" அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் பேரைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடத்தோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

பேங்காக் போய்வர டிக்கெட் 740. "இந்த மாதிரி சாமானுக்குத் தனி அனுமதி எடுக்கணும்மா, ஏர்லைன்ஸ் லெட்டரோட நானே முடிச்சுத் தரேன்" என்று இன்னொரு 650. மொத்தம் 1,390 வெள்ளியும் ரொக்கம். சைப்ரெஸ் அட்டையையும் கேட்டார். "லெட்டரோட இணைக்கணும், நாளைக்குத் தந்திடுறேன்." கொடுத்தேன். மறுநாள் கடிதத்தை மட்டும் கவரில் போட்டு ஒட்டித் தந்தார். அட்டை ஏர்லைன்ஸ் ஆபீசில் இருக்கிறதாம், கவுண்டரில் கிடைக்குமாம்.

ஈப்போ அமான் ஜெயாவில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் புக்கிங்கைப் பார்த்துவிட்டு, இதில் சாமான் எதுவும் சேர்க்கவில்லை, கையில் கொண்டு போகும் 7 கிலோ மட்டும்தான் என்றார். என் ரிக் 10.6 கிலோ. அனுமதிக் கடிதம் இருக்கிறதே என்று நீட்டினேன். அவர் முகம் மாறியது. கடிதத்தின் இரண்டாவது வரியில் "வெடிக்கும் கருவி அடங்கிய பை" என்று எழுதியிருந்தது! கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அதில் விமான நிறுவனத்தின் பேரிலேயே எழுத்துப் பிழை.

பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். பையை ஸ்டீல் மேசையில் வைத்துப் பிரித்தார்கள். தொடாதீர்கள், நானே காட்டுகிறேன் என்று சொல்லச் சொல்ல, ஒருவர் மார்புப் பக்கம் இருந்த வெள்ளிநிறக் கைப்பிடியை இழுத்துவிட்டார். ரிசர்வின் ஸ்பிரிங் பாராசூட் தவளை மாதிரி எகிறி அவர் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. ரிக்கர் (ரிசர்வை மடித்துக் கட்டும் நிபுணர்) கட்டி முத்திரை போட்ட சிவப்பு நூல் அறுந்து, உளுந்து அளவு ஈயக்குண்டு மேசை ஓரமாகக் கிடந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கடிதத்தைப் படித்தவர் வேறு என்ன செய்வார்? அட்டை கையில் இருந்திருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்குள் விமானம் போய்விட்டது. இனி லைசென்ஸ் உள்ள ரிக்கர் ஒருவர் ரிசர்வை மறுபடி மடித்து முத்திரை போடும்வரை அந்த ரிக்கைத் தொட முடியாது. நம் ஊரில் ரிக்கருக்கு எங்கே போவது?

சனிக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி ஈப்போ போயிருக்கிறாராம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஞாயிறு, "ரீஃபண்ட் ஏர்லைன்ஸ்தான் கொடுக்கணும்" என்று ஒரு வரி. ஏர்லைன்ஸைக் கேட்டால், கடிதம் அவர்கள் கொடுத்ததே இல்லை, 650 வெள்ளி அவர்களுக்கு வரவும் இல்லை. நேற்று நேரில் பிடித்துக் கேட்டபோது, பத்துப் பேர் முன்னால், "வானத்துல இருந்து குதிக்கிற பொண்ணு, 1,390 வெள்ளிக்குப் போயி இப்படிக் கத்துறீங்களேம்மா" என்று சிரித்தார். அது என் ஒன்றரை மாத ஓவர்டைம்!

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். புக்கிங் நம்பரை வாங்கி விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டு எத்தனை கிலோ என்று பாருங்கள். ஏ.ஏ.டி. அட்டையின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கடிதம் என்று எதைக் கொடுத்தாலும் அங்கேயே பிரித்துப் படியுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் வேண்டாம். சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பயனீட்டாளர் ட்ரிப்யூனலில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நாளை லீவு எடுத்திருக்கிறேன். முதலில் கடைக்குப் போய் அட்டையை வாங்க வேண்டும், அப்புறம் மனு. அந்தக் கடையில் வேறு யாராவது காசு கொடுத்து ஏமாந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போவோம்.