கம்ப்யூட்டர் சயின்ஸா, அப்ளிகேஷன்ஸா? பிளஸ் ஒன் சேரும் முன் ஓர் அலசல்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? கம்ப்யூட்டர் இருக்கிற குரூப் என்று முடிவானதும் விஷயம் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தீரவில்லை. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டருக்கு இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன. ஒன்று கணினி அறிவியல், பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், வேதியியலோடு வருவது. இன்னொன்று கணினிப் பயன்பாடுகள், கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியலோடு வருவது. (தொழிற்கல்விப் பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று தனியாக உண்டு, அதை இங்கே எடுக்கவில்லை.) சயின்ஸ் என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு, அப்ளிகேஷன்ஸ் என்றால் காமர்ஸ் பிள்ளைக்குப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், இதுதான் ஊர்ப்பேச்சு. நாலு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் அந்தப் பேச்சு நிற்காது. பதினொன்றில் அப்ளிகேஷன்ஸ் தெளிவாக முந்துகிறது. பன்னிரண்டில் சயின்ஸ் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

இப்போதைய பிளஸ் ஒன் புத்தகங்கள் 2018-19 கல்வியாண்டில் வந்தவை, பிளஸ் டூ அடுத்த ஆண்டு வந்தது. அதற்கு முன் பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸ் என்கிற அலுவலக மென்பொருளும் சி++ என்கிற நிரல் மொழியும் இருந்தன. "கம்ப்யூட்டர்னா ஈஸிப்பா, மார்க் அள்ளலாம்" என்று சொல்லும் மாமாவும் அத்தையும் அநேகமாக அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள். அவர்கள் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம்.

பதினொன்றில் முதல் சில பாடங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கணினி அறிமுகம், எண் முறைகள், கணினியின் அமைப்பு, இயக்க அமைப்பு. இருமத்தை எண்மமாக மாற்று, பதினாறிலக்கமாக மாற்று. கடைசியிலும் இரண்டு புத்தகங்களும் சைபர் பாதுகாப்பு, தமிழ்க் கணிமை என்று ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நடுவில்தான் இரண்டும் வெவ்வேறு ஊருக்குப் போகின்றன.

சயின்ஸ் புத்தகம் முதலில் நெறிமுறைக்குள், அதாவது அல்காரிதத்துக்குள், இறங்குகிறது. விவசாயி ஒருவர் ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் பழைய புதிர் அங்கே வருகிறது. அப்புறம் ஒரு மடக்கு (லூப், அதாவது ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எத்தனை முறை சுற்றினாலும் மாறாமல் நிற்கும் உண்மை எது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல கல்லூரிகளிலேயே இதை இவ்வளவு சீக்கிரம் தொடமாட்டார்கள். எழுதியவர்களின் நோக்கம் பெரியது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஆனால் இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதிப் பார்க்காத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, மடக்கு என்றால் என்ன என்பதே கைக்கு வருவதற்குள் அதைப் பற்றி நிறுவச் சொன்னால் என்ன ஆகும்? மனப்பாடம்தான் ஆகும். புதிரின் விடையை ஐந்து மதிப்பெண் கேள்வியாக அப்படியே எழுதிவிட்டு, ஆடு ஏன் ஒருமுறை திரும்பி வந்தது என்று யோசிக்காமலே தாண்டிவிடுவார்கள். அடுத்து சி++. பாய்வுக் கட்டுப்பாடு, செயற்கூறு, அணி வரைக்கும் சரி. அதோடு நிற்காமல், பெரிய நிரல்களைப் பகுதி பகுதியாகக் கட்ட உதவும் இனக்குழு (கிளாஸ்), பல்லுருவாக்கம், மரபுரிமம் வரை அதே ஆண்டில் போகிறது. எதற்காக ஓர் இனக்குழு தேவை என்று உணரும் அளவுக்குப் பெரிய நிரல் எதையும் பிள்ளை அதுவரை எழுதியிருக்காது, அதனால் அந்தக் கடைசிப் பாடங்கள் வெறும் வரையறைகளாகவே மிஞ்சும்.

அப்ளிகேஷன்ஸ் பக்கம் வாருங்கள். ஓப்பன் ஆபீஸ் மென்பொருளில் கடிதம் தட்டச்ச ரைட்டர், கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்க கால்க், ஸ்லைடு காட்ட இம்ப்ரெஸ். இதைப் பார்த்து சிரிப்பவர்கள் உண்டு, டைப்பிங் கிளாஸா என்று. கால்க்கில் ஒரு சூத்திரம் எழுதி, ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால் மொத்தமும் தானாக மாறுவதைப் பார்ப்பதும் நிரலாக்கத்தின் முதல் படிதான், அதைச் சிரிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. பிறகு வலைப்பக்கம் எழுதும் மொழிகளான எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட். இதற்கு என்ன வேண்டும்? ஒரு நோட்பேட், ஒரு பிரவுசர். அவ்வளவே. நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைலர் நிறுவ வேண்டாம், பிழைச் செய்தி இருபது வரிக்கு வராது, எழுதிச் சேமித்துத் திறந்தால் கண்முன்னே பக்கம் நிற்கிறது. தலைப்பின் நிறம் மாறியது, பட்டனை அழுத்தினால் ஏதோ நடந்தது, அதைத் தங்கையிடம் காட்டலாம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாமல் போன் மட்டும் இருந்தாலும் முக்கால்வாசியை அதிலேயே செய்து பார்க்கலாம். அறிமுகப் பாடம் ஒன்றுக்கு வேறென்ன வேலை? நான் செய்தது வேலை செய்கிறது என்கிற தைரியம் முதல் ஆண்டில் வந்துவிட வேண்டும், அது இந்தப் புத்தகத்தில் வருகிறது.

சரி, பன்னிரண்டு. இங்கே அப்ளிகேஷன்ஸ் சறுக்குகிறது, அதுவும் மோசமாக. பல்லூடகத்துக்கு அடுத்தாற்போல, அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர். அடோபி 2001-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது, அதற்கு மாற்றாக அதே நிறுவனம் இன்டிசைனைக் கொண்டுவந்தே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன் கருவிப்பெட்டியில் எந்தக் கருவி எதற்கு என்று இன்று ஒரு பிள்ளை உருப்போட வேண்டியிருக்கிறது. சர்வரில் ஓடும் நிரல் மொழியான பி.எச்.பி.யும் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லும் நல்ல தேர்வுதான், இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் அதில்தான் ஓடுகிறது, விக்கிப்பீடியாவின் மென்பொருளும் பி.எச்.பி.யில் எழுதியதுதான். ஆனால் போன ஆண்டு பிரவுசரைத் திறந்தால் போதும் என்றிருந்த நிலை போய், இப்போது கணினியில் ஒரு சர்வரையே நிறுவியாக வேண்டும், சேம்ப் என்கிற தொகுப்பைப் போட்டு, அது ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று தேட வேண்டும். வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைக்கு இது எட்டாது. பின்பாதியில் நெட்வொர்க் கேபிள் வகைகள், மின்வணிகம், மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்று பாடங்கள் வரிசைகட்டி வருகின்றன; படித்து எழுதலாம், கையால் செய்ய அதிகம் ஒன்றுமில்லை.

சயின்ஸின் பன்னிரண்டு கொஞ்சம் முறைத்துக்கொண்டே தொடங்குகிறது. முதல் பாடங்களில் செயற்கூறுகளை விளக்க "லெட் ரெக்" என்று தொடங்கும் ஒரு குறியீட்டு முறையைக் கையாள்கிறார்கள். லேபில் இருக்கிற எந்தக் கணினியிலும் அதை அப்படியே ஓட்டிப் பார்க்க முடியாது, அந்த ஆண்டு படிக்கப் போகிற நிரல் மொழியான பைத்தான் இதுதானோ என்று பிள்ளைகள் குழம்புவார்கள். அதைத் தாண்டிவிட்டால் சுகம். பைத்தான் ஐந்தாம் பாடத்தில் மாறியும் செயற்குறியும் என்று அடியிலிருந்து தொடங்குகிறது. சரம், பட்டியல், டிக்ஷனரி, இனக்குழு, தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல், அட்டவணைத் தரவை வைக்கும் சி.எஸ்.வி. கோப்பு, கடைசியில் பைபிளாட் வைத்து வரைபடம். போன ஆண்டு சி++-இல் கோட்டைவிட்டவர்களுக்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவது என்று ஒரு பாடம் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, அதாவது அதை ஏன் வைத்தார்கள் என்பது. அதைவிட்டால் இந்த ஆண்டுப் புத்தகம் கல்லூரி முதல் பருவத்துக்கு நேரடியாகக் கைகொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்ததே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடங்களை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ நடத்தியதால்தான். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதி, மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய பழக்கம் திரும்பினால் யாருக்கு இழப்பு என்று பாருங்கள். சயின்ஸ் மாணவருக்குப் பைத்தான் எப்படியும் புதிதாகத்தான் தொடங்கும், சமாளித்துவிடலாம். அப்ளிகேஷன்ஸ் மாணவருக்கோ மொத்தப் பாடத்தின் சிறந்த பகுதியே பதினொன்றில்தான் இருக்கிறது. எச்.டி.எம்.எல். தெரியாமல் பி.எச்.பி. படிவங்களைப் புரிந்துகொள்வதும் நடக்காத காரியம்.

மதிப்பெண் விஷயத்தில் இரண்டும் ஒன்றே: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 70-க்காகத்தான் நிரலைப் பேப்பரில் எழுதிப் பழக்குகிறார்கள், கணினியில் அல்ல. எந்தப் பாடம் எடுத்தாலும் இந்த நோய் உண்டு.

இன்ஜினியரிங் கனவில் சயின்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆப் 200-இல் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதில் ஒரு மார்க்கும் சேராது. உயிரியலோடு கணக்கு எடுத்த பிள்ளையும் அதே வரிசையில் நின்று பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கலாம், வாங்குகிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தை மார்க்குக்காக எடுக்கவே வேண்டாம், கற்றுக்கொள்ள எடுங்கள். பி.சி.ஏ., பி.எஸ்சி. பக்கம் போகிறவர்களுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடம் இருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சில இடங்களில் கணக்கு கட்டாயம் என்பார்கள். காமர்ஸ் குரூப்பில் சேரும் முன்பே மனதில் இருக்கிற இரண்டு மூன்று கல்லூரிகளின் தகுதி விதியை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சி.பி.எஸ்.இ. வீடுகளிலும் இதே இழுபறி வேறு பெயரில் நடக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸா, இன்பர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸா என்று. இரண்டையும் சேர்த்து எடுக்க அங்கே அனுமதி இல்லை. இரண்டிலும் பைத்தான், இரண்டிலும் எஸ்க்யூஎல். முன்னதில் கோப்புகளும் அடுக்கும் (ஸ்டேக்) ஆழமாக வரும், பின்னதில் பாண்டாஸ் என்கிற பைத்தான் தொகுப்பை வைத்துத் தரவைப் பிரித்து மேய்வது. அங்கே தேர்வு சுலபம். நிரல் எப்படி ஓடுகிறது என்று நோண்டுகிற பிள்ளைக்கு முன்னது, எண்களை வைத்துக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பின்னது.

மாநிலப் பாடத்திட்டத்தில் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பாடம் தனியாக வருவதில்லை, குரூப்போடு வருகிறது. கணக்கும் இயற்பியலும் வேப்பங்காயாக இருக்கிற பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக அந்த குரூப்பில் தள்ளுவது அநியாயம். அந்தப் பிள்ளை அப்ளிகேஷன்ஸ் எடுக்கட்டும், பிளஸ் டூ வந்ததும் பேஜ்மேக்கருக்குத் தேர்வு அளவுக்கு மட்டும் நேரம் கொடுத்துவிட்டுப் பைத்தானைச் சொந்தமாகத் தொடட்டும், பன்னிரண்டாம் வகுப்பு சயின்ஸ் புத்தகம் இலவச பி.டி.எப்.பாகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. சயின்ஸ் எடுக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: ஜூனில் வகுப்பு தொடங்குவதற்குள், மே மாத லீவிலேயே அப்ளிகேஷன்ஸ் புத்தகத்தின் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் பாடங்களைப் போனிலாவது செய்து பார்த்துவிடு.