ஃபீஸ் கொடுத்து நிதி ஆலோசகர் வைத்துக்கொண்ட ஆறு வருட அனுபவம்

மண்டபத்தில் எங்களுக்கு ஒரு விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் படகு கரையில்தான். மற்ற மாதங்களிலும் காற்று எச்சரிக்கை வந்துவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. இப்படி வருமானம் வருகிற வீட்டுக்கு யாரிடம் யோசனை கேட்பது என்பதில் முதலில் தப்புப் பண்ணினேன்.

ராமநாதபுரத்தில் ஒருவர், "எனக்கு ஒரு பைசா தரவேண்டாம்" என்று மியூச்சுவல் ஃபண்டில் இரண்டு எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை, போட்டுக் கொடுத்தார். இரண்டுக்கும் தேதி மாதம் 5. படகு எந்த மாதம் கட்டிக் கிடக்கும் என்று கேட்கவே இல்லை. மே மாதம் கணக்கில் பணம் இல்லை, தவணை திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் வங்கி 295 ரூபாய் பிடித்தது. அடுத்த வருடமும் அதே கதைதான்.

அப்புறம்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். விநியோகஸ்தருக்கு, அதாவது ஃபண்டை விற்றுக் கொடுத்த அந்த ராமநாதபுரத்துக்காரருக்கு, போன கமிஷன் அதில் ரூபாயில் போட்டிருந்தது. எனக்கு இருந்தது எல்லாம் ரெகுலர் பிளான். ஃபண்ட் கம்பெனி அதன் செலவுக் கணக்கிலிருந்து, அதாவது என் பணத்திலிருந்தே, அவருக்கு வருடா வருடம் கொடுக்கிறது. கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம்.

2019-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஒரு ஆலோசகரை மதுரையில் பிடித்தேன். பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஏ.ஆர்.என். என்று எண் சொன்னால் அவர் விநியோகஸ்தர், வருமானம் கமிஷன். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஃபீஸ் வருடத்துக்கு 15,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 17,700. ரொக்கமாக வாங்க மாட்டார், வங்கி வழியாகத்தான், விதியே அப்படி. நிலையான ஃபீஸ் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய், சதவீதக் கணக்கென்றால் அவர் ஆலோசனையில் இருக்கும் சொத்தில் வருடம் 2.5 சதவீதம், இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று செபி இப்போது உச்சவரம்பு வைத்திருக்கிறது. நான் நிலையான ஃபீஸையே கேட்டு வாங்கினேன். சதவீதக் கணக்கென்றால் சேமிப்பு கூடக் கூட ஃபீஸும் கூடவே வளரும்.

முதல் சந்திப்பில் சொத்துப் பட்டியலில் படகை 30 லட்சம் என்று எழுதியிருந்தேன். பேனாவால் அதன்மேல் கோடு போட்டுவிட்டு, "அண்ணே, எல்லையில பிடிபட்டுப் போச்சுன்னா இது திரும்பி வருமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே எஸ்ஐபியை நிறுத்தினோம். ஆறு மாதச் செலவு எஃப்.டி.யில்; சீசனில் கை நிறைந்த மாதங்களில் மட்டும் ஃபண்டில் மொத்தமாகப் போடுகிறோம். அதற்குப் பிறகு ஒரு தடைக்காலத்திலும் நகை அடகுக்குப் போகவில்லை.

குறையும் உண்டு. அவர் தரும் அறிக்கை முழுக்க ஆங்கிலம். மகள் படித்துச் சொன்னால்தான் புரியும். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது விற்று வாங்குவதற்குச் சமம்; லாபத்துக்கு வரி வரும், சிலவற்றில் வெளியேறும் கட்டணமும் உண்டு. அதனால் ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வருடத்தில் மாற்றினோம். முதல் மூன்று வருடம் கமிஷனாகப் போயிருக்கக்கூடியதை விட ஃபீஸ்தான் கூட என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து லட்சத்துக்குள் சேமிப்பு இருப்பவர்களுக்கு வருடாந்திர ஃபீஸ் தாங்காது. ஒரே ஒரு தடவை திட்டம் போட்டுக் கொடுத்து அதற்கு மட்டும் வாங்குகிறவரைத் தேடுங்கள்.

ஃபீஸ் தேதி முதலில் மே மாதம் இருந்தது. படகுக்குப் பெயின்ட், வலை எல்லாம் அப்போதுதான் என்று சொன்னேன். சரி என்று ஜூலைக்குத் தள்ளிவிட்டார். இன்றுவரை அப்படித்தான் போகிறது.