சறுக்கிய பிறகும் கைகொடுத்த நிக்கோட்டின் சூயிங்கம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தை, சிகரெட்டை விடுவதற்காக நான் கையில் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். சுவை எப்படி, விக்கல் வருமா, விலை கட்டுப்படியாகுமா என்பதோடு அது முடிந்துவிடும். சிகரெட்டை விட்டுப் பல வாரம் கழித்து மறுபடியும் ஒரு தம் அடித்த பிறகுதான் இதன் உண்மையான பயன் எனக்குத் தெரிந்தது. விட்டவர்கள் பலர் பழைய கணக்குக்கே திரும்பிப் போவது அந்த இடத்தில்தான் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் மெல்லும் முறை. கடைக்காரர் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. சாதாரண சூயிங்கம் போலச் சவைத்துக்கொண்டே இருந்தால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் பெரும்பாலும் அதனால் வருவதுதான். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரமாகச் சுருசுருவென்று வந்ததும் நிறுத்திவிட்டு, வெற்றிலை போடுகிறவர்கள் அடக்கிக்கொள்வதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி மென்று, இந்த முறை வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். வாயின் உள்தோல் வழியாகத்தான் மருந்து உடம்பில் ஏறுகிறது.

சிகரெட் புகையில் உள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. இது முழுதாக ஏற இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆசை தலைக்கேறிய பிறகு வாயில் போட்டுவிட்டு "ஒன்றுமே ஆகவில்லையே" என்று துப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆசை வரும் என்று தெரிந்த இடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். டீக்கடைக்குப் பத்து நிமிடம் முன்பு, சாப்பாட்டுக்குப் பிறகு வாய் கொப்பளித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்கு முன்பு.

அடுத்தது காபி. மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. காபி, ஜூஸ், குளிர்பானம் எல்லாம் வாயில் அமிலத்தைக் கூட்டுவதால் நிக்கோட்டின் உள்ளே ஏறுவது குறைந்துவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் காபியில் உள்ள காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் குறைகிறது. அதே டம்ளர், அதே டிகாஷன், ஆனால் உடம்பில் தங்கும் காஃபீன் அதிகம். கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது எல்லாவற்றையும் சிகரெட் கேட்கும் உடம்பின் தவிப்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். காபியைப் பாதியாகக் குறைத்ததும் அதில் பெரும்பங்கு அடங்கிவிட்டது. விடப் போகிறவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் சில வாரம் எல்லோருக்கும் போலத்தான் போனது. தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்தில் இருந்தது, பிறகு மெல்ல இறங்கியது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இடைவெளியைக் கூட்டி, கடைசி மூன்று வாரம் இன்னும் கூட்டி, 12 வாரத்தில் முடிப்பதுதான் வழக்கமான முறை. நானும் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா இறந்துபோனார்.

துக்க வீட்டில் ஆண்களுக்கு ராத்திரி முழுக்க வேலை என்று எதுவும் இருக்காது. ஐஸ் பெட்டி உள்ளே, பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெளியூரிலிருந்து வரவேண்டியவர்களுக்காகக் காத்திருப்பு. ஒரு மணிக்கொரு தடவை கேனில் காபி வரும். வாயில் காபியின் சுவை போவதற்குள் சூயிங்கத்தைப் போட்டால் சுருசுருப்பே வரவில்லை. சுற்றிலும் நாலைந்து பேர் புகைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை மகன் பாக்கெட்டை நீட்டினான். "மாப்ள, ஒண்ணு பத்த வை. கண்ணு சொக்குது பாரு, விடிய இன்னும் நேரமிருக்கு." வாங்கிவிட்டேன். முதல் இழுப்பிலேயே தலை சுற்றியது. பழக்கம் விட்டுப்போன உடம்புக்கு அப்படி ஆகும். விடிவதற்குள் இன்னொன்றும் ஆயிற்று.

மறுநாள் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது ஆசையைவிட மனசுதான் அதிகம் படுத்தியது. இத்தனை வாரம் இருந்தது வீண், இனிமேல் ஒன்று அடித்தால் என்ன, ஒன்பது அடித்தால் என்ன என்று அது வாதம் செய்யும். இது எனக்கு மட்டும் வந்த எண்ணமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஒரு தடவை சறுக்கியவர் அதைத் தன் குணத்தின் தோல்வியாக எடுத்துக்கொண்டால், அந்தக் குற்ற உணர்ச்சியே அவரை முழுப் பழக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அந்த நேரத்தின் சூழ்நிலை என்று பார்க்கிறவருக்கு மீண்டு வர வழி இருக்கிறது. சூழ்நிலையை மாற்றலாம், குணத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது இல்லையா?

அன்று சாயங்காலம் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சூயிங்கத்தைப் போட்டேன். இந்த அனுபவத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு சிகரெட் பிடித்துவிட்டோம் என்பதற்காகச் சூயிங்கத்தையோ தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையையோ நிறுத்த வேண்டியதில்லை. "சிகரெட்டும் பிடிச்சாச்சு, இதுவும் எதுக்கு, ரெண்டும் சேர்ந்தா ஆபத்து" என்று தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த நாளே தவிப்பு தாங்காமல் பாக்கெட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மருந்தைத் தொடர்வதுதான் மீண்டு வருவதற்கு உதவும். நான் கடைசிக் கட்ட அளவில் இருந்தவன், இரண்டு வாரத்துக்கு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டேன். இது என்னைத் தாங்கிப் பிடித்தது.

போனில் இருந்த நாள் எண்ணும் செயலியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஒரு சிகரெட் என்று பதிந்ததும் அது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. சில பேருக்கு அந்த எண் ஊக்கம் தரும், மறுக்கவில்லை. ஆனால் சறுக்கிய அன்று திரையில் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பதுபோல மனசை உடைப்பது வேறு இல்லை. புகை இல்லாமல் இருந்த நாட்களில் உடம்பு அடைந்த நன்மையும், கற்றுக்கொண்ட பழக்கமும் இரண்டு சிகரெட்டில் அழிந்துபோவதில்லை. செயலி செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த வாரமே 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசினேன். தேசியப் புகையிலை உதவி எண், கட்டணம் கிடையாது. 2016இல் தொடங்கிய சேவை. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே இந்த எண் அச்சாகி வருகிறது. இத்தனை நாள் பாக்கெட்டைக் கையில் பிடித்திருந்தும் கண்ணில் படாத எண். தமிழிலேயே பேச முடிந்தது. பேசியவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எங்கே, யாரோடு, வாயில் என்ன இருந்தது, கடைசியாகத் தூங்கியது எப்போது, சாப்பிட்டது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. தூக்கமில்லை, வெறும் வயிறு, காபியால் பலிக்காத சூயிங்கம், பக்கத்தில் நீட்டிய கை. இவ்வளவும் ஒரே ராத்திரியில் சேர்ந்திருக்கிறது. "அடுத்து இதே மாதிரி எப்ப வரும்?" என்று அவர் கேட்டார். பதினாறாம் நாள் கருமாதி என்றேன். அதற்கான திட்டத்தை அங்கேயே போட்டோம்.

கருமாதிக்கு முதல் நாளே அத்தை மகனுக்குப் போன் போட்டேன். "மச்சான், நான் விட்டுட்டேன். அன்னைக்கு நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு நீ எனக்கு நீட்டாதே, நான் கேட்டாலும் தராதே" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், "சரிடா, நீயாவது விடு" என்றான். பந்தலில் புகைக்கிறவர்கள் உட்காரும் மூலைக்குப் போகாமல் சமையல் பக்கம் போய் இலை போடுவது, தண்ணீர் வைப்பது என்று கையை வேலையில் வைத்துக்கொண்டேன். காபியைத் தொடவில்லை. பந்திக்கு முன்பும், எல்லோரும் சாப்பிட்டு வெளியே நிற்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பும் ஒவ்வொன்று வாயில் இருந்தது. அன்று ஆசை வராமல் இல்லை, ஒரு தடவை நன்றாகவே வந்தது. சில நிமிடத்தில் தணிந்துவிட்டது. ஆசை எப்போதுமே அப்படித்தான், தொடர்ந்து அரை நாள் நிற்பதில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு எண்ணத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சறுக்கலின் பின்விளைவு உடனே மட்டும் வருவதில்லை. எல்லாம் சரியாகி நிம்மதியாக இருக்கும்போது, "அன்னைக்கு ரெண்டு அடிச்சும் நிறுத்த முடிஞ்சதே, அப்போ மாசத்துக்கு ஒண்ணு அடிச்சா என்ன?" என்று மெதுவாகத் தலைதூக்கும். என் பார்வையில் முதல் நாள் குற்ற உணர்ச்சியைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் தன்னம்பிக்கையின் முகத்தோடு வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இந்த வழியாகத்தான் பழைய அளவுக்கே திரும்பிப் போனார். அவர் மறுபடி முயன்றுகொண்டிருக்கிறார், அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சூயிங்கத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாடை வலிக்கும், முதல் இரண்டு வாரம் நன்றாகவே வலிக்கும். பல்லில் அடைத்த சிமென்ட்டில் ஒட்டிக்கொள்ளும், கட்டுப்பல் வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவராது. புதினா சுவை என்று போட்டிருந்தாலும் அடியில் ஒரு கசப்பு உண்டு. காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், 4 மில்லிகிராம் டாக்டர் சீட்டோடுதான் கிடைக்கும். தோலில் ஒட்டும் பட்டையோடு சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது தனியாக ஒன்றைப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதையும் டாக்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது. கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

12 வாரத்தில் முடிக்க வேண்டியதை நான் அதற்கு மேலும் நீட்டித்தேன். சூயிங்கமே பழக்கமாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. ஒரு நாளின் முக்கியமான நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைச் சாதாரண சூயிங்கத்துக்கு மாற்றி, பிறகு பாதியாகக் கத்தரித்துப் போட்டுக் குறைத்தேன். புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது, அதனால் கொஞ்ச நாள் கூடப் போனாலும் சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானமான கருத்து. இப்போது தினசரி எடுப்பதில்லை. துக்க வீடு, நீண்ட ரயில் பயணம், பழைய நண்பர்களின் கல்யாணம் என்றால் மட்டும் பையில் ஒரு அட்டை இருக்கும்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். பீடி பிடிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை, ஒரு கட்டுப் பீடியின் விலைக்கு இது எங்கேயோ இருக்கிறது. அவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விட உதவும் ஆலோசனை மையம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கேயும் விசாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் சூயிங்கத்தையும் பட்டையையும் 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பீடி சுற்றும் ஊர்களிலும், கட்டிட வேலைக்குப் போகும் ஆட்களிடமும் இது இலவசமாகப் போய்ச் சேர வேண்டும்.