ராம் போட்டதாகச் சொல்லி 4,200 ரூபாய் வாங்கினார்கள்: லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

4,200 ரூபாய். ராம் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவல்களை வைத்துக்கொள்ளும் மெமரி) போட்டுத் தருகிறோம் என்று வாங்கியவர்கள் லேப்டாப்பின் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. நேற்று ராத்திரிதான் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. சின்னக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவு போதும்.

திருப்பூரில் வீட்டிலிருந்தே சின்னச் சின்ன பனியன் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். லேப்டாப் பழசு. 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரையும் குரோமில் ஜிஎஸ்டி போர்ட்டலையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ்கூட நகராது. 20-ம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வரி பாக்கிக்கு வட்டி தனி. பார்ட்டிகள் என்னைத்தான் கேட்பார்கள். அதனால்தான் கடைக்குப் போனேன்.

கடைப் பையன் அவ்வளவு பதவிசாகப் பேசினான். "ராம் பத்தலைங்கக்கா. இன்னொரு 4 ஜிபி போட்டா 8 ஆயிடும், பறக்கும். சர்வீஸோட சேர்த்து 4,200 கொடுங்க." மறுநாள் சாயங்காலம் போனபோது நாற்காலி எடுத்துப் போட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. அதில் 8192 எம்பி என்று இருந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டுக் காட்டினான். "பாருங்கக்கா, 8 ஜிபி." பழைய ராம் எங்கே என்று கேட்டேன். "அதை எடுக்கலைங்கக்கா, பக்கத்து ஸ்லாட்ல புதுசு சேர்த்திருக்கேன்." ஸ்லாட் என்றால் ராமைச் சொருகும் இடம். வாரண்டி கேட்டேன். "மூணு வருஷம். கார்டை வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்." கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. கண்ணெதிரே திரையில் எண்ணும் இருந்தது. ஜிபேயில் 4,200 அனுப்பிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் முன்பைவிட மோசம். சி டிரைவில் மிச்சமிருந்த இடம் போய் சிவப்புக் கோடு வந்துவிட்டது. டேலி திறந்தால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று வந்த அக்கா மகன், ராம் எவ்வளவு என்று விண்டோஸே காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டான்: "சித்தி, இதுல அதே 4 ஜிபிதான் இருக்கு. ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணுதான் யூஸ்ல இருக்கு." பின்மூடியைக் கழற்றினோம். திருகுக் குழிகளில் பழைய தூசு அடைந்து கிடந்தது. இரண்டாவது ஸ்லாட் காலி, அதன் மேலும் தூசு.

அப்படியானால் அந்த 8192? அது விர்ச்சுவல் மெமரி செட்டிங். ராம் நிரம்பும்போது, அப்போதைக்குத் தேவையில்லாததை விண்டோஸ் டிஸ்கில் ஒரு ஃபைலில் தள்ளி வைக்கும். பேஜிங் ஃபைல் என்று பெயர். அதன் அளவைக் கையால் 8192 என்று தட்டியிருக்கிறான். இதற்குக் காசே தேவையில்லை. விண்டோஸ் தானாகவே அந்த அளவைப் பார்த்துக்கொள்ளும். கூட்டி வைத்தால் இன்னும் சில புரோகிராம்கள் "மெமரி போதவில்லை" என்று நிற்காமல் திறக்கும், அவ்வளவுதான். வேகம் வராது. ராமில் ஒரு தகவலை எடுக்க ஆவது நானோ நொடிகள். ஹார்ட் டிஸ்கில் தேடி எடுக்க ஆவது மில்லி நொடிகள். லட்சம் மடங்கு வித்தியாசம். சி டிரைவ் ஏற்கனவே நிரம்பி வழியும் லேப்டாப்பில் இதைச் செய்தது கேட்டின் மேல் கேடு.

தேடிப் படித்ததில் இது பழைய தில்லுமுல்லு என்று தெரிந்தது. 1995-ல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம்95 என்ற சாஃப்ட்வேரை, ராமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள், பழைய விண்டோஸ் 3.1-ல் அது டிஸ்கில் உள்ள ஸ்வாப் ஃபைலை (இதே பேஜிங் ஃபைல் மாதிரிதான்) பெரிதாக்கியது, விண்டோஸ் 95-ல் அதுகூட இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 1996-ல் அந்த நாட்டு அரசின் வணிக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. அதே வேலையை இங்கே ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, என்னிடம் 4,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

இன்று காலையில் கடை திறந்ததுமே போய் நின்றேன். நேற்றுவரை அக்கா, இன்றைக்கு மேடம். "டாஸ்க் மேனேஜர்ல அப்படித்தான் மேடம் காட்டும்." பின்மூடி போட்டோவைக் காட்டினேன். "ஓனர் வெளியூர் போயிருக்கார், அவர்கிட்ட பேசுங்க." ஓனருக்குப் போன் செய்தால், பில்லில் ராம் என்று எங்கே இருக்கிறது, சிஸ்டம் ஆப்டிமைசேஷன் என்றுதானே போட்டிருக்கிறோம் என்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. அப்போதே திட்டம் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேணும்னா அடுத்த சர்வீஸ்ல 500 ரூபாய் குறைச்சுக்கறோம்" என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. வாரண்டி கார்டும் வரவில்லை. இல்லாத ராமுக்கு ஏது கார்டு?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ரிட்டர்ன் வேலை கிடக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய்ப் பாருங்கள். மொத்த ராமும், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் அங்கே இருக்கும். வேறு எந்தப் பெட்டியைக் காட்டினாலும் நம்பாதீர்கள். ராமின் கம்பெனியும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். மூடியை உங்கள் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். விர்ச்சுவல் மெமரியை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். சிலர் அதை அடியோடு நிறுத்தினால் வேகம் கூடும் என்பார்கள், அதையும் செய்யாதீர்கள். ராம் தீர்ந்ததும் திறந்திருக்கும் வேலையோடு புரோகிராம் மூடிக்கொள்ளும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். பில், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், தூசு படிந்த ஸ்லாட்டின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 4,200 ரூபாயில் ஒரு ரூபாய்கூட விடப் போவதில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால், பில்லில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கீழே சொல்லுங்கள்.