சிறிய பிக்கப் ட்ரக்கா, நான்கு சில்லு இயக்கச் செடானா: ஒன்ராறியோக் குளிரில் ஓர் ஒப்பீடு

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் ஒரு வீடும் அதன் பின்னால் சிறு தோட்டமும் உள்ள எங்களுக்கு, 2023ஆம் ஆண்டில் வாகனம் மாற்றவேண்டி வந்தபோது தெரிவுகள் இரண்டாகச் சுருங்கின. ஒன்று, முன்சில்லுகளுக்கு மட்டும் இயக்கம் போகும், பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வகை ஃபோர்ட் மாவரிக் என்ற சிறிய பிக்கப் ட்ரக். மற்றது, நான்கு சில்லுகளுக்கும் எந்நேரமும் இயக்கம் போகும் சுபாரு லெகசி செடான். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் நான் வைத்திருந்ததும் நான்கு சில்லு இயக்கச் செடான்தான். ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. கேட்ட நண்பர்களில் பெரும்பாலானோர் “ஸ்னோவுக்கு நாலு சில்லும் இழுக்கவேணும்” என்றே சொன்னார்கள். நான் ட்ரக்கை வாங்கினேன். மூன்று குளிர்காலம் ஓட்டிய பின்னரும் அதே தெரிவையே செய்வேன் என்பதால், இந்த ஒப்பீடு ட்ரக்கின் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பார்க்கும் விடயங்களை விரைவாகக் கடந்துவிடலாம். மாவரிக்கின் நீளம் 5.07 மீற்றர், லெகசியின் நீளம் 4.84 மீற்றர், ஆகவே கராஜை அளந்து பார்த்துவிட்டு வாங்கவேண்டியது ட்ரக்கைத்தான். அமெரிக்க அரச மதிப்பீட்டில் ஹைபிரிட் மாவரிக் கலனுக்கு 37 மைலும், 2.5 லீற்றர் லெகசி 30 மைலும் ஓடும். அதாவது 100 கிலோமீற்றருக்கு முறையே ஏறக்குறைய 6.4 லீற்றரும் 7.8 லீற்றரும் வேண்டும். நகரத்துக்குள் ஓடுபவருக்கு இந்த இடைவெளி இன்னும் விரியும். நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு அது மறைந்து, செடான் சற்று முந்தவும் செய்யும். பிக்கப் ட்ரக்குக்கு ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக்கென்றாலும் வர்த்தக வகை இலக்கத்தகடுதான் தருவார்கள். அதைக் கண்டு தயங்கவேண்டியதில்லை. இலக்கத்தகட்டு ஸ்டிக்கருக்கான ஆண்டுக் கட்டணம் 2022 மார்ச்சிலேயே கார்களுக்கும் இத்தகைய சிறிய ட்ரக்குகளுக்கும் சேர்த்தே நீக்கப்பட்டுவிட்டது.

பனியைப் பற்றிய பேச்சில்தான் பெரும் குழப்பம் இருக்கிறது. நான்கு சில்லு இயக்கம், நின்ற வாகனம் புறப்படுவதற்கும் ஏற்றத்தில் ஏறுவதற்கும் உண்மையாகவே உதவுகிறது. ஆனால் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக் அழுத்தும்போது அதனால் எந்த உதவியும் இல்லை, ஏனென்றால் பிரேக் எல்லா வாகனங்களிலும் நான்கு சில்லுகளையும்தான் பிடிக்கிறது. வாகனம் எங்கே நிற்கும் என்பதை ரயரின் ரப்பரே தீர்மானிக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் எல்லாப் பருவ ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கிப் பிடியை இழக்கிறது. குளிர்கால ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம், நான்கு சில்லு இயக்க வாகனங்களுக்கும் அதில் விலக்கு இல்லை. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால ரயர் பூட்டியவர்களுக்கு 2016 முதல் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் கட்டணக் கழிவு தரவேண்டும் என்ற விதி உண்டு. சட்டம் இயற்றுபவர்களும் காப்புறுதிக் கணக்குப் பார்ப்பவர்களும் ரயரைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே எந்த வாகனத்தை வாங்கினாலும் இரண்டு தொகுதி ரயர் வேண்டும் என்ற முடிவோடு இந்த ஒப்பீட்டைத் தொடங்கினேன். அங்கிருந்துதான் கணக்கு ட்ரக்கின் பக்கம் திரும்பியது.

என் பழைய செடானில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெப்ரவரி மாலையில், பனி உருகிய தண்ணீர் நிரம்பியிருந்த பள்ளத்தை வெறும் நீர்த்தேக்கம் என்று எண்ணி அதற்குள் இறக்கிவிட்டேன். முன் வலப்பக்க ரயரின் பக்கச்சுவர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்துபோனது. பக்கச்சுவரில் விழுந்த கிழியலை ஒட்ட முடியாது. ஒரு ரயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் கடைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக், பேனா போன்ற ஆழமானியை மிச்ச மூன்று ரயர்களின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களுக்குள்ளும் குத்தி அளந்து, ஒவ்வொரு முறையும் எனக்கு அதைத் தூக்கிக் காட்டினார். மூன்றிலும் 4 மில்லிமீற்றர். இறாக்கையில் இருந்த புதிய ரயரில் 8 மில்லிமீற்றர். “அண்ணை, ஒண்டை மட்டும் போட்டா கியர்பொக்ஸுக்குக் கேடு. போடுறதெண்டா நாலையும் போடுங்கோ” என்றார். அவர் விற்பனைக்காகச் சொல்லவில்லை. வாகனத்தோடு வந்த கைநூலிலும் அதுவே எழுதியிருந்தது. ஒரு ரயர் 220 டொலர் என்று எண்ணிப் போன நான், பொருத்து கூலியும் 13 சதவீத விற்பனை வரியும் சேர்த்து ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடியிருக்கக்கூடிய மூன்று ரயர்கள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தவற்றோடு போய்ச் சேர்ந்தன.

இதற்கான காரணம் சிறிய கணக்கு ஒன்றில் இருக்கிறது. ஒரு செடானின் ரயர் ஒருமுறை உருள ஏறக்குறைய 2.13 மீற்றர் போகிறது, அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 470 சுற்றுக்குக் கிட்ட உருள்கிறது. பள்ளம் 4 மில்லிமீற்றர் தேய்ந்த ரயரின் சுற்றளவு, புதியதைவிட 25 மில்லிமீற்றர் குறைவு. அதனால் அதே கிலோமீற்றரைக் கடக்க அது ஐந்து அல்லது ஆறு சுற்று கூடுதலாக உருளவேண்டும். முன்சில்லு இயக்க வாகனத்தில் பின்சில்லுகள் வெறுமனே உருள்பவை, அவற்றுக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பு இல்லை. முன்சோடியை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும். நான்கு சில்லு இயக்கத்தில் முன்னச்சும் பின்னச்சும் ஒரு தண்டாலும் கிளட்சாலும் இணைந்திருக்கின்றன. லெகசியில் அந்தப் பல தட்டுக் கிளட்ச் கியர்பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் சுற்று எண்ணிக்கை ஓயாமல் வேறுபட்டால் அந்தத் தட்டுகள் நேர்ச்சாலையிலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். நான்கு ரயர்களின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்று சுபாரு சொல்வது இதனால்தான். பள்ளத்தின் ஆழத்தில் கணக்கிட்டால் அந்தக் கால் அங்குலம் ஒரு மில்லிமீற்றர் மட்டுமே.

இந்த ஒரு மில்லிமீற்றர் நியதியை இரண்டு தொகுதி ரயர்களுக்கும் பத்து ஆண்டுகளுக்குக் கடைப்பிடிப்பதாக எண்ணிப் பாருங்கள். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடவேண்டும். ஒரு முறை தவறினாலும் முன்ரயர்கள் பின்ரயர்களை முந்தித் தேய்ந்துவிடும். வசந்தகாலத்தில் பள்ளம் விழாத தெருவே எங்கள் பக்கத்தில் இல்லை, ஆணியும் எங்கும் கிடக்கும். ஒரு ரயர் சேதமானால் மிச்சம் மூன்றும் அதோடு போகும் என்ற ஏற்பாட்டில், ஓட்டுபவரின் கவனத்தால் தவிர்க்க முடியாத செலவு ஒன்று எப்போதும் காத்திருக்கிறது. புதிய ரயரைச் சீவி மற்றவற்றின் ஆழத்துக்குக் கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. நான் விசாரித்த கடைகளில் யாரும் அதைச் செய்யவில்லை. இதோடு, இரண்டு பின்சில்லுகளுக்கும் இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் பின்னச்சு டிஃபரன்ஷியலின் எண்ணெயும் அதன் ரப்பர்க் கசிவுத்தடைகளும் என் முன்சில்லு இயக்க மாவரிக்கில் இல்லாத வேலைகள், ஏனென்றால் அந்தப் பாகமே அதில் இல்லை. சென்ற ஆண்டு மாவரிக்கின் முன்ரயர் ஒன்று ஆணியால் கெட்டபோது, முன்னுக்கு இரண்டு புதியவற்றைப் போட்டு, தேய்ந்த ஒன்றை மேலதிகமாகக் கராஜில் வைத்துக்கொண்டேன். அன்றைய செலவு பழைய செலவின் பாதிக்கும் குறைவு.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். முன்சில்லு இயக்கம்தான் காரணம் என்றால், முன்சில்லு இயக்கச் செடானையே வாங்கியிருக்கலாமே? உண்மைதான். சுமை ஏற்றும் தேவை இல்லாதவருக்கு நல்ல குளிர்கால ரயர் பூட்டிய சாதாரணச் செடானே மிகச் சிக்கனமான விடை. இதே நியாயத்தால், நான்கு சில்லு இயக்க மாவரிக்குக்கும் நான் மேலே சொன்ன ரயர்க் கணக்கு பொருந்தும். தொடக்கத்தில் அந்த இயக்கம் 2 லீற்றர் ரேர்போ இயந்திரத்தோடு மட்டும் கிடைத்தது, 2025ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஹைபிரிட்டிலும் கிடைக்கிறது. மறுபுறம், 2025இல் முழுமையாக ஹைபிரிட்டாக மாறிய ரொயோட்டா கம்ரியின் நான்கு சில்லு வகையில் பின்சில்லுகளைத் தனி மின்மோட்டார் ஒன்று இயக்குகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் தண்டு இல்லாததால், கிளட்ச் தேயும் சிக்கல் அதே வடிவில் அங்கே எழாது. நான்கு சில்லு இயக்கச் செடானே வேண்டும் என்பவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். நான் அதை ஒரு நாள் பின்னேரம் அரை மணி நேரம் மட்டுமே, அதுவும் காய்ந்த சாலையில், ஓட்டியிருக்கிறேன்.

எனக்குச் சுமை ஏற்றும் தேவை இருந்தது. மாவரிக்கின் பின்பெட்டி நான்கரை அடி நீளம்தான். பின்கதவை இறக்கினால் ஆறு அடி ஆகும். ஆட்களையும் சேர்த்து 1,500 இறாத்தல், அதாவது 680 கிலோ வரை சுமக்கும். மே மாத நடுவில் தோட்டத்துக்கான பசளையும் மண்ணும் பத்து, பன்னிரண்டு பைகளாக வரும்போது, செடானின் டிக்கியில் அவற்றை இரண்டு தடவையாக ஏற்றி, பிறகு ஈர மண்ணின் மணத்தோடு ஒரு மாதம் இருந்த நாட்கள் நினைவில் இருக்கின்றன. இப்போது ஒரே தடவையில் ஏற்றி, இறக்கி, பெட்டியைத் தண்ணீர்க்குழாயால் கழுவிவிடுகிறேன். சென்ற ஆண்டு பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து (Markham) ஒரு கறிவேப்பிலை மரத்தைச் சாடியோடு கொண்டுவந்தோம். அது என் தோளளவு உயரம். செடானாக இருந்தால் அதைப் படுக்கவைத்திருக்கவேண்டும், பாதி இலை உதிர்ந்திருக்கும். பின்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பழைய சேலையால் சுற்றி, சாடியை நான்கு மூலை வளையங்களிலும் கட்டி, உள்தெருக்கள் வழியாக மெதுவாக ஓட்டிவந்தேன். இறக்கும்போது பெட்டிக்குள் விழுந்து கிடந்தது ஒரு கைப்பிடி இலை மட்டுமே. அது அன்றிரவுச் சொதிக்குப் போதுமாக இருந்தது.

பின்பாரம் இல்லாத பிக்கப் பனியில் வால் ஆட்டும் என்ற பயம், பின்சில்லு இயக்கமுள்ள பெரிய ட்ரக்குகளின் அனுபவத்திலிருந்து வந்தது. அவற்றுக்குக் குளிர்காலத்தில் பின்னச்சின் மேல் மணல் மூட்டை வைப்பது வழக்கம். மாவரிக்கில் இயந்திரத்தின் பாரம் இழுக்கும் சில்லுகளின் மேலேயே இருப்பதால், வெறும் பெட்டியோடும் அது ஒழுங்காக இழுக்கிறது. கார்களின் கட்டமைப்பிலேயே செய்யப்பட்டதால் ஓட்டமும் பெரும்பாலும் கார் போலவே இருக்கிறது. ஃபோர்ட் நிறுவனம் முன்பு ஃபியூஷன் செடானைச் செய்த மெக்சிக்கோவின் எர்மோசியோ தொழிற்சாலையில்தான் இந்த ட்ரக்கும் தயாராகிறது.

செடான் தெளிவாக மேலான இடங்களும் உண்டு. மொன்றியல் வரை 540 கிலோமீற்றர் ஓடும்போது லெகசி போன்ற செடானின் அமைதியை மாவரிக் தராது. காற்றின் இரைச்சல் கூடுதல், பின்னிருக்கையின் சாய்வும் நிமிர்ந்தது. குடும்பத்தோடு போகும் பயணத்தில் பயணப்பெட்டிகளை மழையிலும் பனியிலும் விட முடியாது. பின்பெட்டிக்கு மூடி வாங்குவது மேலதிகச் செலவு. பனிப்பொழிவுக்குப் பின் அந்தப் பெட்டியை வாரி இறக்குவதும் ஒரு வேலை. ஏறி இறங்குவதில் மட்டும் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தது: முழங்கால் வலியுள்ள என் அம்மா செடானுக்குள் குனிந்து இறங்கச் சிரமப்பட்டார், ட்ரக்கின் இருக்கை இடுப்பளவில் இருப்பதால் திரும்பி அமர்ந்துவிடுகிறார். செங்குத்தான வீட்டுவழி உள்ளவர்களும், பனி வாரும் வண்டி வருவதற்கு முன்னரே அதிகாலை வேலைக்குப் புறப்படவேண்டியவர்களும், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பரி (Barrie) போன்ற பனி கூடிய ஊர்களில் இருப்பவர்களும் நான்கு சில்லு இயக்கத்துக்கான செலவை மனமொப்பிக் கொடுக்கலாம். எங்கள் தெரு சமதரை. மூன்று குளிர்காலத்தில் இரண்டே தடவைதான் மண்வாரி எடுக்கவேண்டி வந்தது.

மீள்விற்பனையைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது, ஏனென்றால் மாவரிக்கை இன்னும் விற்கவில்லை. சாலை உப்பு இரண்டையும் ஒரே மாதிரித்தான் அரிக்கும். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அடிப்பாகத்துக்கு எண்ணெய் அடிக்கிறேன். லெகசி 2025ஆம் ஆண்டு மாதிரியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் இனி அது பழைய வாகனமாகவே கிடைக்கும், அதனால் நல்ல விலைக்கும் அமையலாம். அப்படியொன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பத்து டொலருக்குள் கிடைக்கும் ஆழமானி ஒன்றைக் கொண்டுபோய் நான்கு ரயர்களையும் அளந்து பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் வாசியுங்கள். 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர் என்று பொருள். ஒன்றின் ஆழமோ திகதியோ மற்ற மூன்றிலிருந்து விலகியிருந்தால், அது எப்போது, ஏன் மாற்றப்பட்டது, அதன்பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விற்பவரிடம் கேளுங்கள். நான்கு ரயர்களின் விலையையும் கழித்துக்கொண்டே பேரத்தைத் தொடங்குங்கள்.