எனர்ஜி அட்வைசரா நான் இருந்த ரெண்டு கொம்பனி

எனர்ஜி அட்வைசர், அதாவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு எனர்ஜி போகுது எண்டு அளக்கிற ஆள், ஆகிறதுக்கான சோதினை பாஸ் பண்ணியாச்சு, இனி எந்தக் கொம்பனியோட சேருறது எண்டு ஸ்கார்பரோவில ரெண்டு மூண்டு தம்பிமார் கேட்டுட்டினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டு எனக்கு வாய் உளைஞ்சு போச்சு, அதால ஒரேயடியா எழுதுறன். பேர் சொல்ல மாட்டன், இந்தத் தொழில்ல எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சாக்கள்.

தெரியாதாக்களுக்கு: கனடாவில எனர்கைட் லேபல் (வீடு எவ்வளவு எனர்ஜி பாவிக்கும் எண்டு காட்டுற ஸ்டிக்கர்) குடுக்கிற வேலையத் தனியாச் செய்யேலாது. ரெண்டு சோதினையும் பாஸ் பண்ணினாலும் நச்சுரல் ரிசோர்சஸ் கனடா எண்ட ஃபெடரல் அரசாங்கத் திணைக்களம் லைசென்ஸ் குடுத்த ஒரு சர்வீஸ் ஓர்கனைசேஷனுக்குக் கீழதான் பதியோணும். ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் செய்யிற ஃபைலைப் பாத்துத் திருத்தி மேல அனுப்புறது அவைதான்.

முதலாவது கொம்பனியில 2022ல சேந்தன். எனர்ஜி மிச்சம் பிடிக்க வீட்டைத் திருத்துறாக்களுக்கு ஃபெடரல் அரசாங்கம் கிரீனர் ஹோம்ஸ் கிராண்ட் எண்டு 5,000 டொலர் வரைக்கும் குடுத்த காலம், வீடு பாக்க ஆள் காணாது. நான் பாத்தது ஒண்டே ஒண்டு, ஃபைலுக்கு மற்ற இடத்தை விட 40 டொலர் கூட. மடையன். நாளுக்கு மூண்டு வீடு, ராவில ஹொட் 2000 எண்ட சொஃப்ட்வெயரில டேட்டா அடிக்கிறது, ஒரு கேள்வி கேட்டு மெயில் போட்டா பதில் இல்ல. ஏஜாக்ஸ்ல ஒரு வீட்டு ஃபைல் அஞ்சு கிழமைக்குப் பிறகு திரும்பி வருது, "வொல்யூமைச் சரிபாக்கவும்" எண்டு ஒரு வரி. வீட்டில காத்து எவ்வளவு ஒழுகுது எண்டு பாக்க, புளோவர் டோர் எண்ட ஃபானை வாசல்ல பூட்டி 50 பாஸ்கல் அமுக்க வித்தியாசத்தில எவ்வளவு காத்து போகுது எண்டு அளந்து அதை வீட்டின்ர கன அளவால பிரிக்கிறதுதானே கணக்கு, நான் பேஸ்மெண்ட் உயரத்தைப் பிழையா எடுத்திருக்கிறன், பிழை என்னிலதான். ஆனா அஞ்சு நாளில சொல்லியிருந்தா கீறின படம் மனசில நிண்டிருக்கும். திருப்பி ஓடினன், அதுக்குக் காசு இல்ல. கதவைத் திறந்த அம்மா, "பேந்தும் வந்திட்டியளோ தம்பி, போன முறை சாமியறை விபூதி முழுக்க வீடெல்லாம் பறந்தது"ன்றா. ஃபான் போட முதல் அடுப்புச் சாம்பலை மூடோணும் எண்டு படிச்சிருக்கிறம், விபூதித் தட்டைப் பற்றி ஆரும் சொல்லித் தரேல்ல.

2024 பெப்ரவரியில கிராண்டுக்குப் புது ஆக்களை எடுக்கிறதை நிப்பாட்டினாங்கள். அதோட அந்த முதலாவது கொம்பனியின்ர ஃபோனும் நிண்டுது.

இப்ப இருக்கிற ரெண்டாவது இடத்தில ரேட் குறைவு, ஆனா ஃபைல் பாக்கிற மனுசி ரெண்டு நாளுக்குள்ள தானே கூப்பிட்டு, ஸ்கிரீனைத் திற, எந்த யன்னலை எப்பிடிப் போட்டனீ எண்டு கேப்பா. சேந்த புதுசில ஒரு பழைய பங்களோ, அட்டிக் மூடியைத் தூக்கின உடன மினுங்கிற மாதிரி மண்ணிறத் துகள். சும்மா பழைய இன்சுலேஷன் எண்டு நினைச்சு ஃபோட்டோவை அனுப்பிப்போட்டு ஃபானைப் பூட்டுறன், ஃபோன் அடிக்குது: "போடாத, அது வெர்மிகுலைட்." பழைய வெர்மிகுலைட் இன்சுலேஷனில அஸ்பெஸ்டஸ் (சுவாசிச்சா நுரையீரலுக்குக் கூடாத நார்) இருக்கக்கூடும், ஃபான் வீட்டுக் காத்தை வெளிய இழுக்கேக்க அட்டிக் தூசி கீழ வந்திடும். அந்த வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளையள். அந்த ஒரு ஃபோனுக்கு 40 டொலர் என்ன, 80 குறைச்சாலும் இருப்பன்.

இவையிட்ட பில்டர்மாரின்ர புதுவீட்டு வேலையும் இருக்கு, அதால கிராண்ட் நிண்டாலும் கை காயேல்ல. பிறகு 2025 ஜனவரியில வீடு திருத்தக் காசு குடுக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின்ர புதுத் திட்டம் வர பழைய வீடுகளும் திரும்ப வரத் தொடங்கிட்டுது.

குறை இல்லாம இல்ல. ஷெடியூல் போடுற ஆளுக்கு மேப் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது போல, காலமை பிராம்ப்டன், மத்தியானம் பீற்றர்பரோ. கார்ச் செலவும் முழுசாத் தர மாட்டினம். புளோவர் டோர் மெஷினை அவையிட்டயே வாடகைக்கு எடுக்கலாம், ஆனா ஒவ்வொரு ஃபைல் காசிலயும் வாடகையை வெட்டுவினம், வருசக் கடைசியில கூட்டிப் பாத்தா நெஞ்சு அடைக்கும், ரெண்டு வருசம் நிக்கிற எண்ணம் எண்டா சொந்தமா வாங்குங்கோ.

கையெழுத்து வைக்க முதல், விட்டிட்டுப் போனா அனுப்பாமக் கிடக்கிற ஃபைலுக்குக் காசு எப்பத் தருவியள் எண்டு எழுத்தில கேளுங்கோ. நான் கேக்கேல்ல. முதலாவது இடத்தில 11 ஃபைல் விட்டிட்டு வந்தனான், நாலுக்கு இன்னும் வரேல்ல.