வலிக்கு யார் கையை நம்புவது? ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

என் அம்மா முப்பது ஆண்டுகள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டு மேலே வருவார். ஒரு நாளில் அது எத்தனை முறை என்று அவர் எண்ணியதில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. கொண்டை போடக் கை பின்னால் போகவில்லை. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை. அடுத்து வந்த ஓராண்டில் சுளுக்கு எடுப்பவர், சித்த வைத்தியர், இயன்முறை மருத்துவர் (பிசியோ) என்று மூன்று பேருடைய கைக்கும் அந்தத் தோள் போய்வந்தது. மூன்று இடத்திலும் உடனிருந்து பார்த்ததையும், அதன்பின் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

தொண்டியில் வத்தைப் படகில் நின்று வலை வாங்குபவருக்கு இடுப்பு, சாயல்குடிப் பக்கம் பனை ஏறுபவருக்குத் தோளும் முழங்காலும், வாலிநோக்கத்தில் உப்பு வாருபவருக்கு முதுகும் மணிக்கட்டும், கரையில் குனிந்து உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுக்கும் பெண்களுக்குக் கழுத்தும் விரல்களும் என்று வலி தொழிலுக்குத் தொழில் இடம் மாறுகிறது. வலி வந்ததும் எல்லாரும் கேட்பது, எங்கே போனால் சீக்கிரம் தொழிலுக்குத் திரும்பலாம் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தசைப் பிடிப்பால் வரும் இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். முதலில் ஒருவரிடமும் அடுத்து இன்னொருவரிடமும் போய், மூன்றாவதாகப் போன இடத்தில் வலி குறைந்தால், பேர் மூன்றாமவருக்குத்தான் போகிறது. ஊரில் உலவும் ‘ஒரே நாளில் குணம்’ கதைகளில் பாதி இப்படி உருவானவை என்பது என் கணிப்பு.

சித்த மருத்துவத்தின் கைச் சிகிச்சையான தொக்கணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பலர் வெறும் எண்ணெய் தேய்த்து விடுவதாகவே நினைக்கிறார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அது ஒன்பது வகைப்படும். எந்த நோய்க்கு எதைச் செய்வது, எந்தத் தைலத்தோடு செய்வது என்பதற்கு முறை உண்டு. அம்மாவைப் பார்த்த வைத்தியர் உளுந்துத் தைலத்தைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, முதலில் கழுத்திலிருந்து தோள் வரை உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். தோளின் பின்புறத்தில் ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது. “இங்கேதானே ஆத்தா?” என்றார். அம்மா பேசவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது கை முன்பு போன உயரம்தான் போனது, ஆனால் அன்றிரவு அவர் தூங்கினார்.

தொக்கணத்தின் வலிமையும் எல்லையும் அந்த இரவிலேயே தெரிந்துவிட்டன. இறுகிய தசையைத் தளர்த்துவதிலும், வலியைச் சில மணி நேரமோ சில நாளோ தணிப்பதிலும், தூக்கம் கொடுப்பதிலும் அதற்கு ஈடு குறைவு. உழைத்து உழைத்து முறுக்கேறிய முதுகுக்கு அது மிகப் பொருத்தமான சிகிச்சை. ஆனால் சுருங்கிப்போன மூட்டுறையை அது நீட்டிவிடாது. மெலிந்துபோன தசைக்குப் பலம் ஏற்றாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே கையே வைக்கக் கூடாது, ஏனென்றால் உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் தேய்ப்பதால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். படித்த சித்த மருத்துவர் இதைப் பார்த்துத்தான் தொடுவார்; வீட்டில் பிடித்துவிடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டும் அழுத்தியும் செய்யும் வர்மம் இதோடு சேர்த்துப் பேசப்படுவது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 புள்ளிகளைக் கணக்கிடும் அந்த மரபு குமரிப் பக்கம் வேரூன்றியது. சிலம்பத்தோடு சேர்ந்தே பல ஊர்களுக்கும் பரவியது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அதற்கென்று சிகிச்சையும் படிப்பும் நடக்கின்றன. திறமையானவர் கையில் வலி சட்டென்று இறங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் வர்மம் என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட எல்லாரும் அதைக் கற்றவர்கள் அல்லர். குருவிடமோ கல்லூரியிலோ எத்தனை ஆண்டு கற்றீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

சுளுக்கு எடுப்பவரைப் பற்றி எழுதும்போது என் மனம் சற்றுக் கனக்கிறது. எங்கள் கரையில் அவர்கள் பணத்துக்காக மட்டும் இதைச் செய்பவர்கள் அல்லர்; பாதி ராத்திரியில் கதவைத் தட்டினாலும் விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு வருபவர்கள். கணுக்கால் இலேசாகப் பிசகியவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டவருக்கும் அவர்கள் நீவிவிடுவதால் ஆறுதல் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா இல்லையா என்று கையால் தடவிப் பார்த்து மட்டும் எப்போதும் சொல்லிவிட முடியாது. என் தம்பி பதினைந்து வயதில் படகு மேடையிலிருந்து விழுந்து முழங்கையில் அடிபட்டான். வீக்கம் வடியட்டும் என்று மூன்று வாரம் தினமும் எண்ணெய் போட்டு உருவி, மடக்கி, நீட்டி விட்டார்கள். முழங்கையில் அடிபட்ட புதிதில் இப்படி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்வதுண்டு என்பது எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. அதுதான் நடந்தது. இன்றைக்கும் அவன் இடக்கையால் வாய்க்குச் சோறு கொண்டுபோக முடியாது. உருவியவரும் எங்கள்மேல் அன்போடுதான் செய்தார், அழைத்துப்போன நாங்களும் அப்படித்தான். அவன் கை மட்டும் மடங்கவே இல்லை.

எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி இறுக்கிப் போடும் கட்டுக்கும் வேறோர் அபாயம் உண்டு. கட்டிய சில மணி நேரத்தில் விரல்கள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போனால், மரத்தால், விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற வலி எடுத்தால், அந்தக் கட்டை அப்போதே அவிழ்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் தசை அழுகிக் கை நிரந்தரமாகச் சுருண்டுவிடும். கணுக்கால் பிசகில் மருத்துவர்கள் பின்பற்றும் எளிய விதி ஒன்றை இங்கே சொல்லலாம்: அடிபட்டவர் அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டெலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் நீவக் கூடாது.

இயன்முறை மருத்துவத்தைப் பற்றி நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. அதை வளர்த்தவர்களும் அத்துறையில் சிலரே. ‘பிசியோவுக்குப் போனேன்’ என்றால் ‘கரண்டு வைத்தார்களா?’ என்பதுதான் அடுத்த கேள்வி. அம்மாவை முதலில் அழைத்துப்போன இடத்தில் பத்து நாளும் தோளில் பட்டையை ஒட்டிக் கருவியை இயக்கிவிட்டுப் போனார்கள்; ஒருவர்கூட அவருடைய கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்தப் பத்து நாள் கூலியும், ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய்வந்த செலவும் வீண். நியாயமாக, மின்சாரக் கருவி அந்தச் சிகிச்சையின் ஓரத்தில் இருக்க வேண்டியது. பிரிட்டனில் 1894-இல் செவிலியர் நால்வர் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்த அத்துறை, தொடக்கத்தில் கையால் பிடித்துவிடும் கலையாகவே இருந்தது. பின்னால் மூட்டை எந்தத் திசையில், எந்த அளவு அழுத்தத்தில் அசைப்பது என்பதை ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் படிப்படியாக வகுத்தார். நோயாளி தானே செய்யும் அசைவுகளால் முதுகு வலியைத் தணிக்கும் முறையை நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி உருவாக்கினார்.

இரண்டாவதாகப் போன பிசியோ நிலையத்தில் இருந்த இளம்பெண் இதைத்தான் செய்தார். முதல் அரை மணி நேரம் கேள்வியும் அளவும் மட்டுமே: கை முன்னால் எத்தனை பாகை உயர்கிறது, பக்கவாட்டில் எத்தனை, சர்க்கரை எவ்வளவு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் அதிகமாக வருகிறது. வலி மிகும் கட்டம், இறுகும் கட்டம், தளரும் கட்டம் என்று அது ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை இழுக்கும். வலி மிகும் கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் வீக்கம் கூடும் என்று அவர் விளக்கியபோதுதான், சுளுக்கு எடுப்பவர் கையை வெடுக்கென்று தூக்கிய மறுநாள் அம்மா ஏன் அழுதார் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு தோள் உருண்டையைப் பிடித்துக் கீழ்நோக்கி மிக மெதுவாக நகர்த்தினார். கையை எடுத்ததும், “அம்மா, இப்போ நீங்களே சுவத்துல விரலால ஏறுங்க” என்றார். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, நாளை அதற்கு மேலே ஒரு கோடு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

தொக்கணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்தப் பென்சில் கோடுதான். அங்கே நோயாளி படுத்திருக்கிறார். இங்கே பாதி வேலை அவருடையது. இடுப்பு வலிக்கான பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே செய்ய வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது என்கிறது. பக்கவாதத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. விழுந்த கையை மீட்பது, அதே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்யவைப்பதுதான். முதல் சில மாதங்கள் மிக முக்கியம். தைலம் தேய்ப்பது உடன் இருக்கலாம், ஆனால் அது பயிற்சிக்கு மாற்றாகாது. தூக்கிவிடுகிறேன் என்று செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே நழுவும் என்பதை வீட்டில் உள்ள எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கழுத்தைச் சொடுக்கி எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபக்கமும் வெட்டித் திருப்புவது நம் சலூன்களில் பழகிய ஒன்று. 1895-இல் அமெரிக்காவின் அயோவாவில் டி. டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறையிலும் இதுபோன்ற சொடுக்கு உண்டு, அங்கே படித்துச் செய்கிறார்கள். இருந்தாலும் கழுத்து எலும்பின் வழியே மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அது அரிதுதான்; ஆனால் கிடைக்கும் சுகம் பயிற்சியாலும் கிடைக்கக்கூடியதாக இருக்கும்போது அந்த அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்?

ஆகவே உழைப்பால் வந்த பிடிப்புக்குத் தொக்கணமும் இயன்முறை மருத்துவமும் ஏறக்குறைய ஒன்றுதான், பக்கத்தில் கிடைப்பதற்குப் போகலாம். தோள் இறுக்கம், பக்கவாதம், அறுவை சிகிச்சைக்குப் பின் மூட்டு மீட்பு ஆகியவற்றுக்கு என் தேர்வு தயக்கமின்றி இயன்முறை மருத்துவம். விழுந்த அடிக்கு முதலில் எக்ஸ்ரே. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, எந்தக் கையும் வேண்டாம், அன்றே மருத்துவமனை. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குத் தவிட்டு ஒத்தடமோ செங்கல் ஒத்தடமோ வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

சிகிச்சை நல்லது என்றால் மட்டும் போதாது, போய்வர முடிய வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பத்து நாள் சிகிச்சை என்றால் பத்து நாள் தொழில் போயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவதுண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டார் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். விசைப்படகுத் தொழிலாளர்களிடம் நான் வற்புறுத்துவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை. நாள்பட்ட தோள், முழங்கை வலிகளுக்கான பலப் பயிற்சி பலன் தரக் குறைந்தது ஆறு, எட்டு வாரமாவது ஆகும். படகு கரையேறி நிற்கும் அந்த நாள்களில் முதல் வாரமே போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்தால், மீதி நாளெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம், ஒரு நாள் தொழிலும் கெடாது.

எங்கள் வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதல் கோடு என் மார்பு உயரத்தில், கடைசிக் கோடு பதினான்கு மாதம் கழித்து, வாசல் நிலையின் மேல்சட்டத்துக்கு ஒரு சாண் கீழே. அம்மா இப்போது கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தைலமும் தேய்த்துக்கொள்கிறார், அதை நான் தடுப்பதில்லை.